முக்காலி இல்லாத மூன்று நாள்

வியாழக்கிழமை காலை போடிநாயக்கனூர் ஆபீசுக்குள் நுழைந்த ரைட்டர் பால்சாமி தன் முக்காலியைக் காணாமல் திகைத்து நின்றார். மேஜை இருந்தது, மைக்கூடு இருந்தது, மலையிலிருந்து இறங்கிய ஏலத்தோட்டத்துக் கடிதங்கள் இருந்தன. உட்காரத்தான் ஒன்றும் இல்லை.

வேறு இடமென்றால் தேடியிருப்பார்கள். இந்த ஆபீசில் தேட மாட்டார்கள். யாரையாவது நீக்க வேண்டுமென்றால் தோட்டத் துரை வாயால் சொல்வதில்லை. மறுநாள் காலையில் அவன் முக்காலி இருக்காது, அவ்வளவுதான். போன சித்திரையில் கன்னையனுக்கு அப்படித்தான் ஆயிற்று. குடையை எடுத்துக்கொண்டு தன் ஊரான சிலமலைக்கு நடந்துவிட்டான்.

பால்சாமிக்குக் குடையை எடுக்கக் கை வரவில்லை. பதினோரு வருஷ வேலை, வீட்டில் ஐந்து வயிறு. நின்றபடியே பேனாவைத் தொட்டார். பெரிய ரைட்டர் ஜக்கையன் வந்து, நகலெடுக்க நாலு கடிதம் வைத்துவிட்டுப் போனார். நீக்கியவனுக்கு எதற்கு நகல் வேலை? நீக்கவில்லை என்றால் முக்காலி எங்கே? ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்கப்போய், இன்னுமா போகவில்லை என்று அவர் கேட்டுவிட்டால்?

வெள்ளிக்கிழமையும் நின்றார். துரை வாசல்வரை வந்து, மேலும் கீழும் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலை யோசித்து யோசித்து, தேவாரம் ஊருக்குப் போக வேண்டிய உறையில் தன் பெயரையே எழுதிவைத்தார் மனுஷன்.

அன்று ராத்திரி, வீங்கிய காலுக்கு வெந்நீர் ஊற்றிய மனைவி சுருளியம்மாளிடம் நடந்ததைச் சொன்னார். அப்படியானால் வேலை இருக்கிறதா இல்லையா என்று அவள் கேட்டாள். அதைத்தானே அவரும் இரண்டு நாளாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கால் தாங்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று ஜக்கையனிடம் போனார்.

"அண்ணே, நான் வேலையில இருக்கேனா, இல்லையா?"

ஜக்கையன் முழித்தார். முக்காலியில் ஒரு கால் ஆடியதாம், ஆசாரியிடம் கொடுத்தாராம், சொல்ல மறந்துவிட்டாராம். பால்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் வெட்கப்படவில்லை.

"இத வியாழக்கிழமையே கேட்டிருக்கலாம்ல, அப்பு," என்றார் ஜக்கையன், குரலைத் தாழ்த்தி. "நீ நின்னு எழுதுறதத் துரை பாத்துட்டாரு. தூங்கி விழாம சோலி வெரசா நடக்குதாம். திங்கக்கிழமையிலருந்து எல்லாரும் நின்னுதான் எழுதணும்னு உத்தரவு. இந்தா, ஆளுக்கொரு நகல் எடுத்துக் குடுத்துரு."

பால்சாமி தாளை வாங்கிக்கொண்டு திரும்பினார். காதில் விழுந்துவிட்டதோ என்னவோ, உட்கார்ந்திருந்த மற்ற ஆறு ரைட்டர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆசாரி முக்காலியைக் கொண்டுவந்து அவர் மேஜைக்கு முன்னால் வைத்தார். ஒரு கால்கூட ஆடவில்லை.

உட்காருவதா, வேண்டாமா என்று பால்சாமிக்குத் தெரியவில்லை.