வலதுபுறம் ஒரு பட்டை கூடுதல்

வெர்ன் ப்ரூபேக்கர் ஊரைவிட்டுப் போன மறுநாள் காலையிலிருந்து, அவன் அண்ணன் லோவெலின் கார் பின்பக்கம் வலது மூலையில் இரண்டு விரற்கடை தாழ்ந்தே நின்றது. பின்சீட்டில் யாரும் இல்லை. டிக்கியில் ஸ்டெப்னியும் ஒரு பழைய போர்வையும் மட்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங், அந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு, சோர்ந்துவிட்டது என்று நினைத்து, சஸ்பென்ஷன் வேலையில் எங்கள் வட்டாரத்தில் பெயர்பெற்ற கஸ் டிம்மர்மன் புதிய பட்டைகள் மாட்டிப் பார்த்தார். புதியதும் தாழ்ந்தது. பிறகு காரை மக்காச்சோளக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றினார்கள். இருக்கவேண்டியதைவிட நூற்று அறுபத்தெட்டு பவுண்டு அதிகம். வெர்னின் எடை அதுதான், பூட்ஸோடு சேர்த்து. கிடங்குக்காரர் அதைச் சோயா விலை சொல்லும் குரலில் சொன்னார். பின்னால் லாரிகள் காத்திருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கார் அறுபத்தொன்பதாம் வருடத்து நோவா. அப்பா விட்டுப்போனது. ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினால் பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்காமல் தவளை மாதிரி தத்தும், கார் ஒரு பக்கமாக இழுக்கும். இதற்கு என்ன செய்வது என்பதில்தான் சகோதரர்களுக்குள் சண்டை வந்தது. பட்டை ஸ்பிரிங்கையே தூக்கி எறிந்துவிட்டு, ஆக்ஸிலை நான்கு கம்பிகளில் நிறுத்திச் சுருள் ஸ்பிரிங் போடவேண்டும் என்றான் வெர்ன். அதற்குப் பின்பக்கத் தரையை அறுக்கவேண்டும், பின்சீட்டை எடுத்துவிடவேண்டும். அப்பாவின் காரில் ரம்பம் படக்கூடாது, பட்டையே போதும் என்றான் லோவெல். ஒரு கோடை முழுவதும் இதே பேச்சு. சாப்பாட்டு மேஜையில் கறி ஆறிப்போகும், பேச்சு ஆறாது. கடைசியில் லோவெல் ஒரு வார்த்தை சொன்னான். "கார் என் பேர்ல இருக்கு. இதுல உனக்குப் பின்சீட்டுதான்டா. உட்காரணும்னா உட்காரு, இல்லேன்னா இறங்கிப் போ." வெர்ன் இரண்டையும் செய்தான்.

அவன் போய்ச் சேர்ந்த இடம் அரிசோனாவில் டூசான். வீட்டுக் கூரைகளில் ஏசி மாட்டும் வேலை. எடை முழுவதும் இந்தியானாவில் அண்ணன் காரிலேயே தங்கிவிட்டதால் அவனுக்கு ஏணி தேவைப்படவில்லை, அவன் காலடியில் ஒரு ஓடும் உடையவில்லை. முதலாளிக்கு அவன்மேல் நல்ல அபிப்பிராயம். சக்கரம் ஆடாமலிருக்க டயரில் அடிக்கும் ஈயத்துண்டுகளைச் சட்டைப்பைகளில் நிரப்பிக்கொண்டு நடப்பான். புழுதிக்காற்று வரும் மாதங்களில் இடுப்பில் கயிறு கட்டி வேலியோடு முடிந்துகொள்வான். இரண்டு பக்கச் சேதியும் தெரிந்தவள் லோவெலின் மனைவி நடீன் மட்டும். கிறிஸ்துமஸுக்கு அவள்தான் வெர்னுக்குப் போன் செய்வாள். மற்ற நாட்களில் காலையில் கடைக்குப் போகும்போது வலது பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பாள். நவம்பரில் நன்றிநாள் விருந்து முடிந்த வாரத்தில் இடைவெளி குறையும். ஒரு பிப்ரவரியில் திடீரென்று கூடியது. அன்றே போன் போட்டுக் கேட்டால், காய்ச்சல், சூப் மட்டும்தான் இறங்குகிறது என்றான்.

அந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்டும் லோவெலுக்கு இதனால் ஒரு லாபம் இருந்தது. பந்தயத் தடத்தில் இழுவிசை காரை முறுக்கும்போது வலது பின்சக்கரம்தான் லேசாகிவிடும். அதனால் மற்றவர்கள் பேட்டரியைக் கழற்றி டிக்கியின் வலது மூலையில் வைப்பார்கள், சிலர் மணல்மூட்டையும் வைப்பார்கள். லோவெலுக்கு அந்த வேலையே இல்லை. அந்த மூலையில் தம்பி இருந்தான். பச்சை விளக்கு விழுந்தால் நோவா நூல் பிடித்த மாதிரி நேராகக் கிளம்பும். வெள்ளிக்கிழமைப் பந்தயங்களில் தொடர்ந்து கோப்பை வாங்கினான். தோற்றவர்கள் புகார் செய்தார்கள். தடத்தின் அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வராத தம்பியைப்பற்றி அதில் எதுவும் இல்லை. காரில் கூடுதல் எடை இருந்தால் அது நகராமல் கட்டப்பட்டிருக்கவேண்டும் என்று மட்டும் இருந்தது. ஆகவே பந்தயத்துக்கு முன் நடீன் காலிச் சீட்டுக்குப் பெல்ட் மாட்டிவிடுவாள். பெல்ட் சீட்டில் படியாது, ஒரு வயிற்றின்மேல் கிடப்பதுபோல வளைந்து நிற்கும்.

பதின்மூன்றாவது வருட வசந்தத்தில் வலதுபக்க மெயின் பட்டை விரிசல் விட்டது. கஸ் காரை ஜாக்கியில் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். அவர் கடையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பழையபடி புதிய பட்டைக் கட்டு. இன்னொன்று, அவரே செய்யும் நான்கு கம்பி அமைப்பு. வெர்ன் கேட்டதைவிடத் திருத்தமானது, ஆனால் சீட்டும் தரையும் போயே ஆகவேண்டும். "தத்தறது அடியோட நின்னுடும். சமீபமா சில புதுக் காருங்க உன்னை முந்துது, அதுங்களை மறுபடி பிடிச்சிடலாம். உன் தம்பி அன்னிக்கே சொன்னதுதான்" என்றார் கஸ்.

லோவெல் ஒரு வாரம் யோசித்தான். தம்பி சொன்னதைச் செய்தால் தம்பி உட்கார இடம் இருக்காது. இடத்தை விட்டுப் பட்டையே போட்டால், நீ சொன்னது தப்பு என்று இன்னொரு தடவை சொல்கிற மாதிரி. ஆனால் தன்மேல்தான் தப்பு என்பது இந்த வருடங்களில் அவனுக்கு விளங்கியிருந்தது. அதை வாயால் சொல்வதைவிட ரம்பத்தால் சொல்வது சுலபமாகப் பட்டது. "அறுத்துடு கஸ்" என்றான்.

நடீன் அப்போது ஸ்பானர் பெட்டிமேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். "அவனைக் கேட்டியா?" என்றாள்.

"அவனுக்குப் பிடிச்சதைத்தானே செய்யறேன்."

"போன புழுதிக்காத்துல கயிறு அறுந்துபோய் அடுத்த தெரு ஆண்டெனாவைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினானாம். ஃபயர் வண்டி வந்து இறக்கியிருக்கு. அவன் அங்க பட்டம் மாதிரி பறக்கறான், நீ இங்க அவன் கனத்தை வெச்சுக் கப்பு வாங்கற. இப்போ சீட்டையும் எடுத்துட்டா அந்தக் கனம் எங்க போகும்? உன் தலையிலயா?"

லோவெல் காருக்குள் குனிந்தான். சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றினான். அவனும் கஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். இடது பக்கம் எழுந்தது, வலது பக்கம் அசையவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உள்ள இருக்கிறவனை இறங்கச் சொல்லுப்பா. எனக்கு முதுகு சரியில்ல" என்றார்.

லோவெல் கடையின் போனை எடுத்தான். நம்பரை நடீன் சொல்லச் சொல்ல அழுத்தினான்.

"யார் செத்தது?" என்றது வெர்னின் குரல்.

"யாரும் சாகல. ஸ்பிரிங்தான் போயிடுச்சு."

"வலது பக்கமா?"

"எப்படித் தெரியும்?"

"பத்து நாளா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறேன்ணே."

கடையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைக் கஸ் அணைத்தார். "அன்னிக்கு நீ சொன்னதுதான்டா சரி. நாலு கம்பியே போட்டுடறேன். ஆனா சீட்டு வரமாட்டேங்குது" என்றான் லோவெல். அதற்குப் பிறகு, போல்ட் ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டே, "பின்சீட்டுன்னு நான் சொன்னது தப்பு" என்றான்.

"ஆமா, தப்புதான்" என்றான் வெர்ன். "சீட்டை எடுக்காதே. பட்டையே போடு."

"அப்போ நான் சொன்னது சரின்றியா?"

"யார் சொன்னா? அன்னிக்கும் இன்னிக்கும் நான் சொன்னதுதான் சரி. ஆனா நீ சொன்னதைப் போடு. வலது பக்கம் மட்டும் ஒரு பட்டை கூட வை. அது ஒண்ணே காரை நேரா ஓட்டும், நான் வேண்டியதில்ல. நன்றிநாளுக்கு வரேன். நடீன்கிட்ட அந்தச் சர்க்கரைக் கிரீம் பேஸ்ட்ரி செய்யச் சொல்லு."

கஸ் அப்படியே செய்தார். வலதுபுறம் ஒரு பட்டை கூடுதல். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக நோவா சமமாக நின்றது.

நவம்பரில் வெர்ன் வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியவன் விளக்குக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், காலணிகள் தரையில் படவில்லை. லோவெல் காரை ஓரமாக நிறுத்தி முன்கதவைத் திறந்தான். "முன்னாடி ஏறு" என்றான். வெர்ன் பின்சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு முன்னால் ஏறினான். கதவு சாத்தியதும் காரின் வலது முன்மூலை மெதுவாகத் தாழ்ந்தது, பின்மூலை எழுந்தது. வீடு வரும்வரை அண்ணனும் தம்பியும் நான்கு கம்பியைப்பற்றித்தான் சண்டை போட்டார்கள். அடுத்த வாரம் வெர்ன் டூசானுக்குத் திரும்பும்போது காலணி சரளைக்கல்லில் நறநறவென்று சத்தமிட்டது.

கூடுதல் பட்டையால் கார் நேராகவே கிளம்பியது, யாருடைய கனமும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் வசந்தத்தில் எடைமேடையில் ஏற்றியபோது பின்மூலையில் ஒரு பேட்டரி அளவுக்குக் கனம் மீதி இருந்தது. அதை எடுக்கட்டுமா என்று கஸ் கேட்கவில்லை. பந்தய அதிகாரி இப்போது வெள்ளிக்கிழமைகளில் தானே குனிந்து பின்சீட்டுக்குப் பெல்ட் மாட்டிவிடுகிறார். டூசானிலிருந்து வெர்ன் அண்ணனுக்குப் போன் செய்தான். அன்று அவன் காலடியில் இரண்டு ஓடு உடைந்ததாம், முதலாளி கத்தினாராம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றான்.