ஆயிரம் கதவும் நூற்றெண்பது சுற்றும்

அன்றைக்கு, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் காயில் பிரிவில் இருந்தவர்கள்: எல்லோருக்கும் மூத்த பொன்னியம்மா, நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வரும் வனஜா, ஆவடி குவார்ட்டர்ஸ் ஞானம்மாள், கோவில்பதாகை நாகவல்லி, ஸ்டோர் சாவியோடு லட்சுமணன். சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் முன்பக்க ஆபீசில் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஸ்டோருக்குள், பழைய துணிக்கு அடியில், ஒரு டிரான்சிஸ்டர். அம்பத்தூர் எஸ்டேட், 1988, திங்கட்கிழமை, மணி இரண்டு.

இரண்டேகாலுக்கு ரேடியோவில் ‘ஆயிரம் கதவுக் கோட்டை’ கடைசிப் பகுதி.

மூன்று மாதமாக, ஞாயிறு தவிர தினமும் பதினைந்து நிமிடம் ஓடிய கதை. ஓடக்காரி செங்கமலி காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு கோட்டைக்குள் நுழைகிறாள். ஒவ்வொரு கதவும் திறப்பதற்கு அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். நிழல் போயிற்று. குரலும் போயிற்று. அதற்கப்புறம் அவளுக்காக ஒரு கிளிதான் பேசியது.

மிஷின் ஓடும்போது ரேடியோ கூடாது என்பது கம்பெனி சட்டம். பெண்கள் தங்களுக்கென்று வேறொரு சட்டம் வைத்திருந்தார்கள். முறை போட்டு ஒருத்தி ஸ்டோருக்குள் போய்க் கேட்பாள். லட்சுமணன் வெளியே பூட்டிவிடுவான். பூட்டுத் தொங்கினால் சண்முகசுந்தரம் எட்டிப் பார்க்க மாட்டார். கேட்டவள் வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், சுற்றுகிற கை நிற்காமல்.

அங்கேதான் சிக்கல். ஒரு காயிலுக்கு நூற்றெண்பது சுற்று. மிஷினில் எண்ணிக்கை காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது, வாய்க்குள்தான் எண்ண வேண்டும். வனஜா கதை சொன்னால் எல்லோருக்கும் எண்ணிக்கை தவறும், கழிவுப் பெட்டி நிறையும், சண்முகசுந்தரம் குதிப்பார். நாகவல்லி சொன்னால் ஒரு காயில்கூடத் தவறாது. “கதவைத் தொறந்தா. உள்ள பாம்பு. பொழைச்சிட்டா.” போன முறை அவள் சொன்னது அவ்வளவுதான்.

இன்றைக்கு முறை நாகவல்லிக்கு.

“எம்மா, வேணாம்,” என்றாள் பொன்னியம்மா. “மூணு மாசமா காத்துகினு கீறோம். இவ போய்ட்டு வந்து, முடிஞ்சிச்சும்பா.”

ஞானம்மாளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சிரித்துக்கொண்டே சொன்னாள். “ஏட்டி நாகு, கோவிச்சுக்காத. வனஜா போட்டும். அவ சொன்னா படம் பாத்த மாரி இருக்கும்லா.”

“என் மொறை. மொறைன்னா மொறைதான்.”

அந்த முடிவைத் தன் காதால் முதலில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நாகவல்லிக்கு. இல்லை, இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு தடவையாவது தன் வாயைப் பார்த்து நாலு பேர் கை நிற்க வேண்டும்.

“சனிக்கிழமை கதையை எவளாவது கேட்டீங்களாடி?” என்றாள் வனஜா.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே கரண்ட் போய் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டேகாலுக்கு வனஜா ரயிலில் இருந்தாள். பொன்னியம்மா மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றாள். ஞானம்மாள் வீட்டில் ஜெபக்கூட்டம்.

“நான் கேட்டேன்,” என்றாள் நாகவல்லி. “பக்கத்து ஊட்டு ரேடியோல.”

கேட்டது மூன்று நிமிடம். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு லோகநாயகி பேட்டரியைக் கடித்துப் பார்த்தாள், வெயிலில் வைத்தாள், ரேடியோவின் தலையில் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இதையெல்லாம் நாகவல்லி சொல்லவில்லை.

“அப்ப சொல்லு,” என்றாள் வனஜா. “ஒருத்திக்காவது எண்ணிக்கை தப்பிச்சுன்னா நீ போ. தப்பலைன்னா நான்.”

மற்ற மூவரின் கைப்பிடிகளும் சுழன்றன. உதடுகள் எண்ணின.

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டாவது கதவு,” என்று தொடங்கினாள் நாகவல்லி. “உன் கையைக் குடுங்குது.”

“நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு,” பொன்னியம்மா வேண்டுமென்றே சத்தமாக எண்ணினாள்.

பேட்டரி தீர்ந்த இடம் இதுதான். நாகவல்லியின் கையில் இனி ஒன்றுமில்லை. ஸ்டோர் கதவையே பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

“கையைக் குடுத்துட்டா துடுப்பை எதால போடறது? யோசிச்சுகினே கதவோட கீலைத் தொட்டா. ஈரம். இன்னான்னு பாத்தா ரத்தம்.”

“மரத்துலயா?” என்றாள் ஞானம்மாள்.

“மரமில்லக்கா. மனுசன். உள்ள போனவன் ஒருத்தனும் திரும்பி வரலியே, ஏன்? அவன் அவன் கதவாயிட்டான். ஆயிரம் கதவும் ஆயிரம் ஆளு.”

ஞானம்மாளின் கம்பி பட்டென்று அறுந்தது. “ஐயோ ஏசுவே!”

“அப்ப தம்பி?” இது லட்சுமணன்.

“அதான் மனசுக்குள்ள கேக்குறா. இதுல நீ எந்தக் கதவுடா? நான் ஒதைச்சுத் தொறந்தேனே, அதுல ஒண்ணு நீயா? பேசறதுக்குக் கொரல் இல்ல. கிளியும் வாயடைச்சுப் போச்சு. அப்பப் பாரு, அத்தினி கதவும் ஒரே நேரத்துல தட்டுது. உள்ளருந்து!”

பொன்னியம்மாவின் கைப்பிடி நின்றுவிட்டது. “அடிப்பாவி! எத்தினி சுத்துனேன்? அறுவதா, எழுவதா?”

வனஜா மட்டும் பல்லைக் கடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டில் அவளுக்கும் எண்ணிக்கை போயிற்று. “தம்பி எந்தக் கதவுடி? சொல்லித் தொலை!”

“அங்கியே நிறுத்திட்டான். இன்னிக்குத்தான் தெரியும்.”

“எனக்கு அப்பவே டவுட்டு,” என்றான் லட்சுமணன். “கதவுக்கு எதுக்குப்பா நெழலு, கொரலுன்னு பசி எடுக்குது? யக்கா, ரெண்டு பத்து. போறவங்க போங்க.”

வனஜா எண்ணிக்கை தவறிய காயிலைக் கழிவுப் பெட்டியில் வீசினாள். “போடி. கதவெல்லாம் திரும்ப மனுசனா மாறுற எடத்தை ஒரு வார்த்தை விடாம வந்து சொல்லணும்.”

“தம்பி மொகம் எப்டி கீதுன்னு கேட்டுக்கினு வா!” என்று கத்தினாள் பொன்னியம்மா.

நாகவல்லி ஸ்டோர் வாசல்வரை ஓடி நின்றாள். ரேடியோவில் கதவு வெறும் மரமாகவே இருந்தால்? செங்கமலி சும்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு ஓடத்தில் ஏறிவிட்டால்? ஒரு நொடி யோசித்தாள். மரமாக இருந்தால் அது ரேடியோக்காரன் தப்பு. வெளியே வந்து இவள் சொல்லப்போவது இவள் கதை. இன்றைக்குக் கழிவுப் பெட்டி வழிய வேண்டும்.

ஆபீசில் போனை வைக்கும் சத்தம் கேட்டது. நாகவல்லி உள்ளே பாய்ந்து, துணியை விலக்கி டிரான்சிஸ்டரைக் காதோடு அணைத்துக்கொண்டாள்.

“சத்தத்தைக் கம்மியா வச்சுக்கோ,” என்று சொல்லி, லட்சுமணன் கதவைச் சாத்திப் பூட்டினான்.