சந்தனம் வைத்த இடம்

வெற்றிவேலின் ஷெட்டில் நின்ற பழைய ஃபியட்டின் இன்ஜினில், எண் இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. அந்த வழுவழுப்பை வைத்துத்தான் தபீதாளின் அப்பா வேதசிரோமணியைத் திருடன் என்றார்கள்.

வெற்றிவேலின் அப்பா ஜெயவேலுவுக்குப் பீர்க்கன்கரணையில் நிலம் இருந்தது, இந்த வண்டி இருந்தது. வண்டிக்கு டிரைவர் வேதசிரோமணி. பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில், இன்ஜினில் எண்ணே இல்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். டிரைவர் ஒரிஜினல் இன்ஜினை விற்றுவிட்டு வேறொன்றை மாட்டியிருக்கிறான் என்று ஜெயவேலு முடிவு கட்டினார். போலீஸ் வந்தது. இன்ஜினை வாங்கியவன் என்று இரும்புலியூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த லாசரஸையும் பிடித்தார்கள். இன்ஜின் எங்கும் கிடைக்கவில்லை. வழக்கு நிற்கவில்லை. ஆனால் வேதசிரோமணிக்கு வேலை போனது. லாசரஸ் கடையை மறுபடி திறக்கவேயில்லை.

அப்போது தபீதாள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அடி தாங்காமல் லாசரஸ், இன்ஜினை அப்பாவிடம்தான் வாங்கினேன் என்று சொல்லிவிட்டான். அந்தக் குடும்பத்தோடு பேச்சு நின்றது. லாசரஸ் செத்ததற்கு இவர்கள் போகவில்லை. அவன் மனைவி இன்னும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். சர்ச்சில் அவள் எதிரே வந்தால் தபீதாள் செருப்பைத் தேடுகிறவள்போலக் குனிந்துகொள்வாள்.

ஜெயவேலு போய்ச் சேர்ந்துவிட்டார். வெற்றிவேல் வண்டியை விற்கப் பார்த்தான். கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர், இன்ஜின் ஒரிஜினல் என்று தெரிந்தால்தான் வாங்குவேன் என்றார். அது தபீதாளின் காதுக்கு வந்தது. அழிந்த எண்ணை எடுத்துத் தரும் பிரசன்னாவை அவளே தேடிப் பிடித்து வெற்றிவேலிடம் அனுப்பினாள். மருந்துக் கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளும் வந்து நின்றாள்.

"இன்னாம்மா, வேடிக்க பாக்க வந்துட்டியா?" என்றான் வெற்றிவேல். "நம்பர் வேற ஒண்ணா வந்தா இங்க ஒக்காந்து அழக் கூடாது."

"சரியா வந்தா நீங்க அழக் கூடாதுண்ணா."

"ரெண்டு பேரும் தள்ளிப் போய் அழுங்க" என்றான் பிரசன்னா. "ஆசிட் புகை கண்ணுக்கு ஆகாது."

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அந்த இடத்தை வெகு நேரம் பார்த்தான். விரலால் தடவினான்.

"சார், இது திருடன் வேல இல்ல. கிரைண்டர் வச்சிருந்தா கோடு கோடா ஓடியிருக்கும். இங்க நடுவுல லேசா குழி விழுந்திருக்கு. கையால தேய்ச்சது. வருஷக் கணக்கா."

"கையால எவன் தேய்ப்பான்?"

"அத நீங்கதான் சொல்லணும். நான் நம்பர மட்டும்தான் எடுப்பேன்."

கண்ணாடி மாதிரி ஆகும்வரை அந்த இடத்தை மெருகேற்றினான். எண்ணை அடித்தபோது சுத்தியலின் அழுத்தம் இரும்புக்குள் கொஞ்ச தூரம் இறங்கியிருக்கும், மேலே அழிந்தாலும் அடி வாங்கிய இரும்பு அமிலத்துக்கு வேறு மாதிரி கறுக்கும் என்று சொல்லிக்கொண்டே பஞ்சால் ஒற்றினான். ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி ஒற்றினான். வெற்றிவேல் கொட்டாவி விட்டான்.

பிறகு, ஈரம் காய்வதற்கு முன்னால், நான்கு என்ற எண் கறுத்துத் தெரிந்தது. பக்கத்தில் ஓர் ஒன்று. பிறகு ஏழு.

"போட்டோ எடுங்கக்கா, சீக்கிரம். போய்டும்!"

தபீதாள் எடுத்தாள். முதல் படம் கலங்கியது. மறுபடி எடுத்தாள். வெற்றிவேல் ஆர்.சி. புத்தகத்தை அருகில் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. இன்ஜின் இந்த வண்டியை விட்டு வெளியே போனதே இல்லை.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எங்கப்பா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம அங்கதான் சந்தனம் குங்குமம் வப்பாரு" என்றான். "காஞ்சத உங்கப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாரு. பளபளன்னு இல்லன்னா எங்கப்பா கத்துவாரு. நானே பாத்துகீறேன்."

எழுந்து ஆர்.சி. புத்தகத்தை மூடினான். பிறகு கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, "ஒரிஜினல் சார், அக்மார்க் ஒரிஜினல்" என்றான். வைத்துவிட்டுத் தபீதாளிடம், "ஞாயித்துக்கெழம வண்டி போவுது. உங்கப்பாவ இட்டுகினு வா. ஏரியா ஆளுங்க எல்லார் முன்னாடியும் சால்வ போட்டு மன்னிப்பு கேக்கறேன்" என்றான்.

வேதசிரோமணி மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன். தபீதாள் பஸ் பிடித்து நேரே அங்கே போனாள். கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் போனை நீட்டினாள். அவர் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"சாப்ட்டியா?"

"அப்பா, நம்பர் வந்துடுச்சுப்பா."

"பாத்தேன். வாணாம், வுட்டுடுன்னு நேத்தே சொன்னேன்ல."

"எதுக்கு வுடணும்? இத எடுத்துக்கினு நேரா லாசரஸ் வூட்டுக்குப் போறேன். விக்காத இன்ஜின வாங்கினேன்னு உன் புருஷன் ஏன் சொன்னான்னு அந்தம்மாவ நிக்க வச்சு கேக்கறேன்."

தண்ணீர் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. "பெருசு, கேட்ட தொறக்கறியா, இல்ல உன் மகள விட்டே தொறக்கச் சொல்லவா?" என்றான் டிரைவர். வேதசிரோமணி எழுந்து போய்த் திறந்தார். லாரி உள்ளே போகும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"அவன் சொல்லல" என்றார்.

"வேற யாரு சொன்னது?"

"ஸ்டேஷன்ல யாருக்கு வித்தன்னு கேட்டாங்க. உப்புத்தாள்ல அழிஞ்சதுன்னேன். சிரிச்சாங்க. விக்கலன்னு சொன்னா அடிச்சாங்க. ஒரு பேரு சொன்னா வுட்ருவாங்கன்னு தோணிச்சு. பழைய இரும்பு வாங்கறவன் எனக்கு அவன் ஒருத்தனத்தான் தெரியும்."

 அவரே தொடர்ந்தார்.

"அவன் கடைசி வரிக்கும் வாங்கலன்னேதான் சொன்னான். பக்கத்து ரூம்பு. எனக்கு கேட்டுச்சு."

"எங்ககிட்ட அவன்தான் சொன்னான்னு..."

"நான் சொல்லல. உங்கம்மா அப்டி நெனச்சிக்கினா. நான் வுட்டுட்டேன். அப்புறம் எனக்கே ஒரு நெனப்பு. உப்புத்தாள்ல நம்பர் அழியுமா? யாரோ நெசமாவே மாத்திகீறான் போல. அவனாவே கூட இருக்கலாம்னு." போனைக் காட்டி, "இப்ப அந்த நெனப்பும் போச்சு" என்றார்.

உள்ளே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. லாசரஸ் செத்து, அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்த அன்று அதைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக அம்மாவைக் கூட்டிப் போனது தபீதாள்தான். அப்பா அன்று வேலைக்குப் போய்விட்டார்.

அவள் போன் அடித்தது. வெற்றிவேல்.

"தபீதா, சால்வைக்குச் சொல்லிட்டேன். ஆமா, ஒண்ணு தோணிச்சு. அந்த இரும்புக் கடக்காரரு லாசரஸ், அவருக்கும்தான நம்மால அநியாயம் நடந்துபோச்சு. அவரு தவறிட்டாருன்னாங்க. வூட்ல யார்னா கீறாங்களா? அவங்களையும் கூப்டணும்."

அவன் குரல் வெளியே கேட்கும் அளவுக்குச் சத்தமாக இருந்தது. வேதசிரோமணி அவளைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரும் இல்லண்ணா" என்றாள் தபீதாள். "எப்பவோ ஊர வுட்டுப் போயிட்டாங்க."

"அடப் பாவமே. சரி, உங்கப்பா வருவாருல்ல?"

வேதசிரோமணி வெளியே வரும் லாரிக்குக் கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

"வருவாருண்ணா" என்றாள்.