பள்ளத்தில் ஏற்றிய விளக்கு

கனகராஜுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. குனோங் ராபாட் ஊரில் எந்தக் கல்யாண வீட்டில் பந்தல் போட்டாலும் வயர் இழுப்பவன் அவன்தான். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஆளிருக்காது, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். அப்படிப்பட்டவனிடம் போய், மகனைப் பறிகொடுத்த முத்தம்மா ஒன்று கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு அங்க வேலைக்குத் திரும்பிப் போறியேய்யா. என் மவன் விழுந்த எடத்துல ஒரு வெளக்கு ஏத்தி வச்சிரு. உசுரு போன எடம் இருட்டாக் கெடக்கக் கூடாது."

"சரிம்மா, ஏத்திடுறேன் லா."

கோப்பி கொண்டுவந்த மகள் ஷாமினி தட்டைக் கீழே வைக்காமலே கனகராஜைப் பார்த்தாள்.

இறந்துபோன அவள் அண்ணன் தனேஸ்வரனும் கனகராஜும் ஆப்பிரிக்காவில் ஒரே முகாமில் எலெக்ட்ரீஷியன்களாக வேலை பார்த்தவர்கள். பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கக் கிணறு தோண்டும் இடம் அது. சுற்றிலும் குட்டிக் குட்டி மலைகள், எல்லாமே எரிமலைகள். அந்தப் பேச்சைக் கேட்டதும் முத்தம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. தனேஸ் சிரித்தான். "இந்தச் சின்ன மலைங்க ஒரே ஒரு தடவதான்மா வெடிக்கும். அடுத்தது வேற எங்கியாச்சும் மொளைக்கும், எங்கன்னு யாருக்கும் தெரியாது. நம்ம வீட்டுக்குப் பின்னால நிக்குதே சுண்ணாம்பு மலை, அதுல இருந்து கல்லு உருண்டு வராமப் பாத்துக்க." அம்மா நம்பினாள். எல்லோரும்தான் நம்பினார்கள்.

நெருப்பு அடங்கிய பிறகும் அந்த மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு வாயு கசிந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. சாதாரணக் காற்றைவிடக் கனமானது என்பதால், காற்றடிக்காத காலையில் மழைத்தண்ணீர் மாதிரி பள்ளங்களில் தேங்கி நிற்கும். அதற்குள் தீயும் எரியாது, மனிதன் மூச்சுவிடவும் முடியாது. தெரிந்த பள்ளங்களுக்கெல்லாம் முகாமில் எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பள்ளம் மட்டும் யார் கண்ணிலும் படாமல் போயிற்று.

தனேஸ் இறந்த அன்று அப்பாவின் தெவசம். ஒரே மகன், எங்கே இருந்தாலும் விளக்கேற்ற வேண்டும் என்பது முத்தம்மாவின் பிடிவாதம். வீடியோ காலில் ஷாமினிதான் போனைப் பிடித்திருந்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. காற்று படாத பள்ளமாகப் பார்த்து ஏற்று என்றாள் அம்மா. அவன் அந்தப் பள்ளத்தில் இறங்கினான். கையில் வைத்து ஏற்றியபோது நன்றாக எரிந்த விளக்கு, தரையில் வைத்ததும் அணைந்தது. திரும்ப ஏற்றினான், திரும்ப அணைந்தது.

"அபசகுனம்டா! அப்படியே விட்டுட்டு வராத. நல்லாக் குனிஞ்சு ஏத்து."

"தலை சுத்துதும்மா."

"வெறும் வயித்துல இருந்தா சுத்தத்தான் செய்யும். குனிடா."

படம் ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைக் காட்டிவிட்டு நின்றுபோனது. லைன் போய்விட்டதாக நினைத்து அம்மா போன் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தாள்.

என்ன நடந்தது என்பதைக் கனகராஜ் ஷாமினியிடம்தான் சொன்னான். அம்மாவிடம் மாரடைப்பு என்று சொல்லிவிடலாம் என முடிவெடுத்தவள் அவள். உடம்பு வந்தது, எரித்தார்கள், கருமாதியும் முடிந்தது. பொய் அதுபாட்டுக்கு வீட்டில் ஒரு ஆளாக இருந்து பழகிவிட்டது.

இப்போது ஷாமினி கனகராஜை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அம்மா மனசு ஆறட்டும்னுதானே அப்படிச் சொன்னீங்க? நெசமாப் போக மாட்டீங்கல்ல?"

கனகராஜ் தரையைப் பார்த்தான். "ஒரு பொய் சொல்லியாச்சு தங்கச்சி. வெளக்கு விஷயத்துல இன்னொன்னு சொல்ல எனக்கு வாய் வராது. மூச்சை அடக்கிக்கிட்டு எறங்கி, வச்சிட்டு ஓடியாந்துடுறேன் லா."

போவான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இவன் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறாள். ஷாமினிக்கு அந்த நிமிடம் அவன்மேல் கோபம் கோபமாக வந்தது, அதைவிட அதிகமாகத் தன்மேல் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், முத்தம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அண்ணனுக்கு மாரடைப்பு இல்லம்மா."

எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளத்தை, வாயுவை, அது முட்டிக்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றதை. சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் வேறு யாருடைய முகமோ போல ஆகிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஷாமினி நிறுத்தவில்லை.

"அதனாலதான் வெளக்கு நிக்கலியா?"

"ஆமாம்மா."

"நிமிந்து நின்னிருந்தா பொழைச்சிருப்பானா?"

ஷாமினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முத்தம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவள் அழவில்லை. மகள் பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, அடுப்படி வாசலில் நின்ற கனகராஜைப் பார்த்தாள்.

"வெளக்கு வேணாம்யா. அந்தப் பக்கமே போகாத."

"சரிம்மா."

"அங்க இருக்கும்போது உங்கம்மா போன்ல எதாச்சும் சொன்னா," என்றபடி எழுந்து அவன் அருகில் வந்தாள். "கேக்காதய்யா."