லிஃப்டுக்குள் கேட்ட குரல்

பள்ளிவாசலில் அவரை எல்லாரும் சலாம்காரர் என்றுதான் அழைப்பார்கள். எதிரே வருபவர் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு சலாம் சொல்லிவிடுவார். இன்றைக்காவது அவரை முந்திவிட வேண்டும் என்று தூணுக்குப் பின்னால் பதுங்கி நின்றவர்கள்கூட உண்டு. எல்லாரும் தோற்றுத்தான் போனார்கள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யும் இடத்தில் தரை வழுக்கினால் சொல்லாமலேயே துடைப்பத்தை எடுப்பவர் அவர். வரிசையில் இடம் இல்லாமல் யாராவது தவித்தால் ஒதுங்கி இடம் விடுபவரும் அவர்தான். அதனால் இந்த மாதம் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு நற்குணம் பற்றிப் பத்து நிமிடம் பேச யாரைக் கூப்பிடலாம் என்ற பேச்சு வந்தபோது, பள்ளிவாசல் செயலாளர் இரண்டாவது பெயரை யோசிக்கவே இல்லை.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருட அனுபவம். மோட்டாரைப் பிரித்துப் பூட்டுவதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் கம்பெனியில் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டது என்று தகவல் வந்தால் மேனேஜர் அவரைத்தான் தேடுவார். இன்டர்காமில் அவர் பேச ஆரம்பித்தால் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட அடங்கிவிடும்.

இதே மனிதர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வேறு ஆளாகிவிடுவார். கை நீட்டுகிறவர் இல்லை. கெட்ட வார்த்தை வாயில் வராது. ஆனால் ஒரு நல்ல வார்த்தையும் வராது. "ஏன் அந்த லைட்டு சும்மா எரியுது?" என்பதுதான் உள்ளே வரும்போது அவர் சொல்லும் முதல் வாக்கியம். மனைவி ஏதாவது சொல்லத் தொடங்கினால், "சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வா" என்பார். விஷயத்துக்கு வந்தால், "இதுக்குத்தானா இவ்வளவு?" என்பார். மருந்தாளுநர் படிப்புப் படிக்கும் மகள், வாப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அவருக்கும் இது தெரியாமல் இல்லை. நாள் முழுக்க ஊராரிடம் பொறுமையாக இருக்கிறவன் வீட்டில் கொஞ்சம் முகத்தைச் சுளித்தால் என்ன, வீடு என்பது அதற்குத்தானே என்று தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்திருந்தார்.

அந்தப் புதன்கிழமை, வழக்கமாக அவர் பார்க்காத ஒரு கட்டடத்துக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக்குக் காய்ச்சல். பதினோரு மாடி. பாதி அலுவலகங்கள், பாதி டாக்டர்களின் கிளினிக்குகள். மணி பத்தரை இருக்கும். மேலே மிஷின் ரூமில் ஒரு மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மோட்டார் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றது. இன்டர்காம் மணி அடித்தது.

"ஹலோ! லிஃப்ட் நின்னுடுச்சுங்க! யாராவது இருக்கீங்களா?" வயதான ஆண் குரல்.

"இருக்கேங்க ஐயா. நான் மெக்கானிக்தான். உங்க தலைக்கு மேலேயேதான் இருக்கேன். உள்ளே எத்தனை பேர்?"

"ரெண்டு பேர். நானும் இன்னொரு அம்மாவும். ஆறாவது மாடி தாண்டிச்சு, ஏழு வரலை."

"சரிங்க ஐயா. லிஃப்ட் கீழே விழாது. நாலு கயிறு பிடிச்சிருக்கு. நாலும் நான் பார்க்கிற மாதிரி என் முன்னாடிதான் இருக்கு. காத்து வர வழியும் இருக்கு. நீங்க என்ன வேலை பார்த்தீங்க ஐயா?"

"தபால் ஆபீஸ்ல இருந்தேன். ரிட்டயராகி ஒன்பது வருஷமாச்சு."

"அப்ப லேட்டாப் போய்ச் சேர்றது உங்களுக்குப் பழக்கம்தானே."

உள்ளே தபால்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. உடனே சிரிப்பு நின்றது. "தம்பி, இந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குது. கேட்டா பேச மாட்டேங்கிறாங்க."

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு இன்டர்காமுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அம்மா, நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன், நீங்க கேட்டா போதும். என் குரல் கேட்டா சுவத்துல ரெண்டு தட்டு தட்டுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டொக், டொக் என்று இரண்டு தட்டு.

"நல்லதும்மா. அப்படியே தரையில உக்காருங்க. வெக்கப்படாதீங்க, ஐயா ஒண்ணும் நினைக்க மாட்டார். மூக்கால மெதுவா மூச்சை இழுங்க. நானும் இழுக்கறேன். அவசரமே இல்ல. இதுல உங்க தப்பு எதுவும் இல்லம்மா, மிஷின் பண்ற சேட்டை. இப்ப கரண்டை அணைக்கப் போறேன், லைட்டு கொஞ்சம் மங்கும். அப்புறம் கடமுடான்னு ஒரு சத்தம் வரும், பயந்துடாதீங்க. பிரேக்கைத் தளர்த்தி உங்களை ஏழாவது மாடிக்குக் கொண்டுவர்றேன். நீங்க வெளியே வர்ற வரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன்."

சொன்னபடியே கரண்டை அணைத்தார். பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். திருப்பத் திருப்பப் பேசிக்கொண்டே இருந்தார். ஏழாவது மாடிக்கு அடையாளமாகக் கயிற்றில் போட்டிருந்த மஞ்சள் கோடு மிஷினில் இருந்த குறிக்கு நேராக வந்ததும், "வந்துட்டோம்மா. ரெண்டு நிமிஷம் சத்தம் இருக்காது. அப்புறம் கதவு திறக்கும்" என்று சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினார்.

சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினார். தொப்பியும் குடையுமாகத் தபால்காரர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், தரையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தது சலாம்காரரின் மனைவி.

ஒரு நொடி அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஓடியதும் முந்திக்கொண்டு வந்தது வீட்டுக் குரல்தான்.

"நீயா? உனக்கு இங்க என்ன வேலை? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வரத் தெரியாதா? இப்படி எங்கேயாவது போய் மாட்டிக்கிட்டு நிக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு!"

அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். தபால்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நடைபாதையின் இரு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்:

"தம்பி, மேலேருந்து எங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தாரே, அவர் எங்கே? ரொம்ப நல்ல மனுஷன். ஒரு நன்றி சொல்லிட்டுப் போகணும்."

அது நான்தான் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் சொல்வது?

மனைவிதான் பேசினாள். "நீங்க கிளம்புங்க ஐயா, உங்களுக்கு நேரமாச்சு. நன்றியை நான் சொல்லிடறேன்."

"அவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றாள். பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டு போனபின், அவளும் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கிப் போனாள். கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

மதியம் லுஹர் தொழுகைக்கு நின்றவருக்கு எத்தனை ரக்அத், எத்தனை சுற்று முடிந்தது என்பதே நினைவில் இல்லை. பொது இடத்தில், இன்னொருவர் முன்னால் தன்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. 'இவர்தான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மூடி மறைத்தாள். குடும்பத்தாரிடம் நல்லவராக நடப்பவரே நல்லவர் என்ற நபிமொழியை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை பேச்சுக்குக்கூட அதைத்தான் முதலில் குறித்து வைத்திருந்தார். இப்போது சட்டைப் பையில் இருந்த அந்தக் காகிதம் நெருஞ்சி முள்ளாகக் குத்தியது.

தொழுகை முடிந்ததும் செயலாளரைத் தேடிப் போனார். "அந்தப் பேச்சுக்கு வேற ஆளைப் பாருங்க. நான் லாயக்கில்லை."

செயலாளர் சிரித்தார். "நற்குணத்தைப் பத்திப் பேச நீங்க லாயக்கில்லைன்னா இந்த மஹல்லாவுல வேற யாரு இருக்கா?"

"வீட்டுல கேட்டா சொல்லுவாங்க" என்றார் அவர். செயலாளர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வெகு நேரம் நின்றார். கதவைத் திறந்து, தொண்டையைச் செருமி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

உள்ளே பரபரப்பாகக் காலடிச் சத்தம். மகள் தலைத்துணியை அவசரமாகச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவரைப் பார்த்துவிட்டு அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"யாரு வாப்பா வந்திருக்கா?"

"யாரும் வரலை. நான்தான்."

"ஓ, சலாம் கேட்டுச்சா, அதான் யாரோ விருந்தாளின்னு..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊருக்கே சலாம்காரர். சொந்த வீட்டில் அவர் சலாம் சொன்னால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் கை நின்றது.

"எதுக்கு அந்தக் கட்டடத்துக்குப் போனே?" என்று ஆரம்பித்தவர், அது விசாரணை மாதிரி ஒலித்ததும் நிறுத்தி, திரும்பக் கேட்டார். "உடம்புக்கு என்ன?"

"கண்ணுக்கு. ஓரத்துல எல்லாம் மங்கலா இருக்கு. மூணு மாசமாச்சு."

"மூணு மாசமா? என்கிட்ட ஏன்..." கேள்வியை அவரே விழுங்கினார். பதில் அவருக்குத் தெரியும்.

"டாக்டரைப் பார்த்தியா?"

"எங்கே பார்த்தேன்? இறங்கி வீட்டுக்கு வந்துட்டேன்."

அவர் மெல்லக் கேட்டார். "உள்ளே இருக்கறப்ப நான்தான்னு தெரிஞ்சுதா?"

"முதல் வார்த்தையிலேயே."

"அப்ப ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல? வாயையே திறக்கலையே."

அவள் கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்னு தெரிஞ்சா அந்தக் குரல் போயிடுமேன்னு இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷத்துல அப்படி ஒரு தடவை நீங்க என்கிட்ட பேசினதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருப்போம்னு உக்காந்துட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் நீர் முட்டியதைத் துடைக்கவும் தோன்றவில்லை. "என்னை மன்னிச்சுடு" என்றார். "இனிமே சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேண்டாங்க" என்று அவள் கையை உயர்த்தினாள். "அல்லாஹ் பேரைச் சொல்லி மாட்டிக்காதீங்க. நாளைக்குக் காலையில வண்டிச் சாவி காணாமப் போகும்ல, அப்ப எப்படிக் கேக்கறீங்கன்னு பார்ப்போம்."

சாவி காணாமல் போகத்தான் செய்தது. "எங்கடி வச்சுத் தொலைச்சே?" என்று பாதி வீடு அதிரக் கத்திய பிறகுதான் நேற்றைய நினைவு வந்தது. சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் பேசாமல் வாசலுக்குப் போய், வெளியே நின்று, மறுபடி உள்ளே வந்து சலாம் சொல்லி, "சாவியைப் பார்த்தியாம்மா?" என்று கேட்டார். கையில் சாவியை வைத்துக்கொண்டே கேட்டதைப் பார்த்து மகள் சிரித்த சிரிப்பில் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லா நாளும் இப்படி முடியவில்லை. வேலையில் திட்டு வாங்கி வந்த நாட்களில் பழைய நாக்கு சுள்ளென்று எழுந்துவிடும். ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தே போய்விட்டார். தெருக் கோடி வரை நடந்து திரும்பி வந்து, ஆறிப்போன சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு மோட்டாரைத் தோளில் தூக்கிப் படியேறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டார். கோபத்துக்கும் மன்னிப்புக்கும் நடுவில் முதலில் ஒரு நாள் ஆனது, பிறகு ஒரு மணி நேரம், பிறகு சில நேரங்களில் கோபமே பாதி வழியில் இறங்கிப் போய்விட்டது.

அதற்குள் கண் மருத்துவரையும் பார்த்தார்கள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவரே கூட்டிப் போனார். ஒன்பதாவது மாடி வரைக்கும் படியில்தான் ஏறுவேன் என்று அவள் அடம் பிடித்தாள். 'நான் கூட இருக்கேன்ல' என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பையை வாங்கிக்கொண்டு கூடவே படியேறினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார் மருத்துவர். போன ஓரப் பார்வை திரும்பாது, ஆனால் மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம், தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். காலையிலும் மாலையிலும் இவரே மருந்தை விட்டார். முதல் வாரம் பாதி மருந்து கன்னத்தில்தான் வழிந்தது.

"மோட்டாருக்கு எண்ணெய் விடற மாதிரி விடாதீங்க" என்பாள் அவள். அவருக்குச் சுருக்கென்று வரும். ஆனால் சிரித்துவிடுவார்.

செயலாளர் ஆறு மாதம் கழித்து அந்தப் பேச்சுக்கு மறுபடி கேட்டார். இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்று இவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பழுதான மின்விசிறியைக் கழற்றி வைத்திருந்தார். மகள் வந்து எதிரே நின்றாள். உம்மா வெளியே போயிருந்தாள். வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் மகள் அறையை விட்டு வரவே மாட்டாள்.

"வாப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"ஒரு பேப்பர்ல ஃபெயிலாயிட்டேன். உம்மாவுக்கு இன்னும் தெரியாது. முதல்ல உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன்."

அவர் மனதுக்குள் பழைய வாக்கியங்கள் வரிசை கட்டி நின்றன. எதையும் அவர் வெளியே விடவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார். தனக்குப் பக்கத்தில் கிடந்த திருகாணிகளை ஒதுக்கி இடம் விட்டார்.

"உக்காரும்மா" என்றார். "எந்தப் பாடம்? எது புரியலைன்னு சொல்லு, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்."

அவள் உட்கார்ந்தாள். சொல்லத் தொடங்கியவள் வெகு நேரம் சொன்னாள். எந்த ஆசிரியை வேகமாக நடத்துகிறார், எந்த வாய்பாடு மண்டையில் ஏறுவதில்லை, எந்தத் தோழி குறிப்பு எழுதிக் கொடுத்தாள் என்று ஊர் சுற்றி வந்தாள். விஷயத்துக்கு வா என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.