மூன்றாம் வரியில் ஃபெர்மின்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. 37ஆம் வீட்டில் மருமகளிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வியை மாமியார் எதிரிலேயே கேட்டுவிட்டேன். கைப்புத்தகம், பக்கம் 22.

தான் படிக்கும் மாலை வகுப்புக்கு ஆசிரியர் வருவதற்குள் எர்லிந்தா நோட்டில் இதை எழுதினாள். 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். மறுபடியும் மேலே எழுதினாள்.

வேவேதெனாங்கோ மலைக் கிராமங்களில் வீட்டுக் கணக்கெடுப்பு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். அதே வீடுகள், அதே கேள்விகள்: யார் இருக்கிறார்கள், என்ன வேலை, யார் எல்லை தாண்டி வடக்கே போனார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்கும் எர்லிந்தாவுக்கு இது இரண்டாவது சுற்று. கடைசியில் வீட்டு ஆட்களின் பட்டியலைக் குடும்பத் தலைவர் எதிரில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. மற்ற வீடுகளில் அதற்குள் எழுந்து போய்விடுவார்கள். 37ஆம் வீட்டுப் பெத்ரோனா அதற்காகவே காத்திருப்பாள்.

காலையில் அவள் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் கத்தரீனா அடுப்படியில் டோர்ட்டியா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"கோழி எத்தனை, பெத்ரோனாம்மா?"

"போன தடவ அஞ்சு. நீ எண்ணிட்டுப் போன நேரம், இப்ப ரெண்டு. உங்க ஆபீஸ்ல சொல்லு, எண்ணினா குஞ்சு பொரிக்காதுன்னு."

எர்லிந்தா சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனாள். வெளியே போனவரோடு கடைசியாகப் பேசியது யார்?

"இவதான். இங்க டவர் இல்ல. ஞாயித்துக்கிழம சந்தைக்குப் போறப்ப பேசுவா. பணமும் அங்கதான் வரும். எம்புள்ள ஃபெர்மின் மறக்கல."

அந்த வேகத்திலேயே எர்லிந்தா அடுப்பின் பக்கம் திரும்பினாள். "கடைசியா எப்ப பேசுனீங்க?"

கத்தரீனாவின் கை நின்றது. கல்லில் டோர்ட்டியா கருகியது.

"போன ஞாயிறு."

"கருக விட்டுட்டா பாரு. புருஷன் பேர எடுத்தாலே இவளுக்கு இப்படித்தான்" என்றாள் பெத்ரோனா.

எர்லிந்தா பட்டியலைப் படித்தாள். ஒன்று, பெத்ரோனா. இரண்டு கிடையாது. அது பெத்ரோனாவின் கணவரின் வரி. அவர் இறந்தபின் போன சுற்றில் அடித்தார்கள். ஒருமுறை அடித்த எண்ணை வேறு யாருக்கும் தரமாட்டார்கள். மூன்று, ஃபெர்மின், வடக்கே வேலை. நான்கு, கத்தரீனா, வேலை இல்லை. ஐந்து, ஆறு வயதுப் பேத்தி.

"மூணாவத இன்னொரு தடவ படிம்மா" என்றாள் பெத்ரோனா. படித்தாள்.

வெளியே வந்ததும் வாசலிலேயே தன் தவறைப் பேனாவால் களத் தாளில் குறித்தாள். தவறு நடந்த இடத்தை விட்டு நகருமுன் குறிக்க வேண்டும் என்பதும் விதி. அதன் பிறகுதான் கத்தரீனா சரிவில் ஓடி வந்தாள்.

"அவர் பேசி பதினாலு மாசம் ஆச்சு. பாலைவனத்துல விட்டுட்டு வந்துட்டோம்னு கூட்டிட்டுப் போனவன் சொன்னான். நடக்க முடியலையாம்."

"அப்ப பணம்?"

"சந்தைத் தெருவுல நாலு வீட்டுக்குத் துணி துவைக்கிறேன். அதத்தான் அவர் அனுப்பினதா கொடுக்கிறேன்." முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவர் இல்லன்னா நானும் பொண்ணும் அந்த வீட்டுல யாரு? எங்கம்மா வீட்டுல எனக்குப் பாய் விரிக்க இடமில்ல. எழுதிடாத, தங்கச்சி."

எர்லிந்தா தலையாட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று பேருந்தில் யோசித்தாள். வேலை இல்லை என்று எழுதியிருந்த நான்காம் வரிதான் வீட்டையே நடத்திக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு வீடுகளில் ஒரு வீடு. அப்படியே விட்டால் யாருக்குத் தெரியும்? இந்த வீட்டை விட்டால், இதற்குமுன் போன முப்பத்தாறு வீடுகளில் எதை நம்புவது?

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பாசிலியோ களத் தாளைப் படித்தார். "மாமியார் எதிர்ல கேட்டியா? இந்தப் பதில் செல்லாது. நாளைக்குப் போய்த் தனியா கேளு."

"அதே பதில்தான் வரும், சார்."

"வரட்டுமே. அதுக்கு ஏன் மூஞ்சி வெளுக்குது?"

"காணாமப் போனவருக்கு எந்தக் கட்டம், சார்?"

"கட்டம் கிடையாது. பேச்சு நின்னு பன்னெண்டு மாசம் தாண்டினா பேர அடிக்கணும்." தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "எத்தன மாசம்?"

"பதினாலு." யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் குரலை உயர்த்தவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றாம் வரியில் கோடு போட்டார். "திருத்தின பட்டியலப் படிச்சுக் காட்டிட்டு அந்தம்மாகிட்ட கைரேகை வாங்கிட்டு வந்துடு" என்றார்.

போன சுற்றில் கணவரின் எண்ணைத் தாண்டிப் படித்தபோது பெத்ரோனா சோளத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது எர்லிந்தாவுக்கு நினைவிருந்தது. எண் விட்டுப்போனால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர் வந்து கரும்பலகையைத் துடைத்தார். எர்லிந்தா பக்கத்தின் அடியில் எழுதினாள்:

நாளை, புதன். ஆறு மணிப் பேருந்து. முதலில் கத்தரீனாவைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாமியாரிடம் அவளே சொல்ல அரை மணி நேரம் தர வேண்டும். துணி துவைக்கும் வேலையை நான்காம் வரியில் சேர்க்க வேண்டும். பிறகு பெத்ரோனா எதிரில் பட்டியல்: ஒன்று, நான்கு, ஐந்து.