சூசைப் பார்

பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் பற்றிய பொதுச் சொற்பொழிவு என்றால், பாதிக் கூட்டம் வருகைப் பதிவுக்காக வந்த மாணவர்கள்தான். அன்றும் அப்படித்தான். முன்வரிசையில் பொன்னாடை வாங்கியவர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்கள். உண்மையாகவே காது கொடுத்தது இரண்டே பேர். ஒருவர் மேடையில் இருந்த கொழும்புப் பேராசிரியர். இன்னொருத்தி மூன்றாம் வரிசையில் இருந்த ஆக்னஸ். அவளுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது.

பேசிக்கொண்டிருந்தவள் ஈவாஞ்சலின். நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பெண். கடல் எல்லையைப் பற்றி முனைவர் பட்டத்துக்காக ஆலந்தலை மீனவர் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆக்னஸின் கணவன் இஞ்ஞாசி பேசிய பிறகுதான் மற்றவர்களும் பேசினார்கள்.

அந்த இஞ்ஞாசி இப்போது இலங்கைச் சிறையில். மூன்று மாதமாகிறது. எஞ்சின் நின்றுபோய் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது, எல்லை தாண்டியது இதுவே முதல் தடவை என்பது வக்கீலின் வாதம். முதல் தடவை என்றால் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். வழக்கமாகப் போகிறவன் என்று தெரிந்தால் வருடக்கணக்கில் உள்ளேதான். செவ்வாய்க்கிழமை விசாரணை. கொழும்பிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, ஆக்னஸ் மனு எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இஞ்ஞாசியின் பேச்சை இந்த நேரத்தில் காட்டலாமா என்று ஈவாவுக்கு மனம் அடித்துக்கொண்டது. வழிகாட்டியான ஜெயசிங் சாரிடம் முந்தின நாளே கேட்டிருந்தாள்.

"மீனவர் வாயால வந்த வார்த்தை இல்லேன்னா அது ஆராய்ச்சியாம்மா? பேரைத்தான் எடுத்தாச்சே" என்றார் அவர்.

எடுத்துத்தான் இருந்தாள். பெயர், வயது, ஊர், படகு எண் எதுவும் கிடையாது. இஞ்ஞாசி வெறும் 'மீனவர் ஏழு'. அந்த நிம்மதியில்தான் திரையில் அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். 'வருடத்துக்கு நாலைந்து தடவை இலங்கைக் கற்பிட்டிக்குப் பக்கத்தில் சூசைப் பாருக்குப் போவோம். எல்லை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.' இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் சொன்னது. ஆங்கிலத்தில் வாசித்தாள். மீன் கூடும் கடலடிப் பாறையைத்தான் பார் என்பார்கள்; அதன் பெயரை மட்டும் அப்படியே சொன்னாள்.

ஆக்னஸ் சட்டென்று நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறாள் என்று ஈவாவுக்கு விளங்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. தேநீர் மேசைப் பக்கம் ஆக்னஸ் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா ஈவா, எங்க மாமனார் பேர இத்தன பெரிய சபையில சொல்லிட்டியே!"

"மாமனார் பேரா?"

"சூசைன்னா யாருன்னு நெனச்ச? கடலுக்கடியில அந்தக் கல்லக் கண்டுபிடிச்சது அவரு. எங்க ஊர்ல யார் பாரக் கண்டானோ அவன் பேருதான் அதுக்கு. அவன் குடும்பத்தத் தவிர வேற ஆளு அங்க தூண்டில் போட மாட்டான்."

ஏதோ ஊர்ப் பெயர், இடப் பெயர் என்றல்லவா ஈவா வரைபடத்தில் குறித்திருந்தாள்! ஐந்து வருடம் படித்தவளுக்கு இது ஒன்று தெரியாமல் போயிற்றே.

"அக்கா, மனு எங்க?"

"அந்தா, அந்த சார்ட்ட குடுத்துட்டேன்."

கொழும்புப் பேராசிரியர் ஜன்னலோரம் நின்றிருந்தார். ஒரு கையில் மனு, மறு கையில் ஈவாவின் கட்டுரை. அவர் தயங்கித் தயங்கி அவர்களிடம் வந்தார்.

"தங்கச்சி, இதில இஞ்ஞாசி, தகப்பன் பெயர் சூசை எண்டு கிடக்கு. உங்கட கட்டுரையில…" 'சூசைப் பார்' என்று இருந்த பக்கத்தை நீட்டினார். "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆனா இண்டைக்கு இது நேரலையில போயிட்டுதே. எங்கட பக்கத்து அதிகாரிகளும் பார்த்தவையள். வழக்குத் தாளிலயும் தகப்பன் பெயர் இருக்குமே."

ஆக்னஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என்ன சொல்லுதாரு? அவியளப் பத்தி நல்லதாத்தான சொன்ன?"

பொய் சொல்லிவிடலாம். செவ்வாய்க்கிழமை வரை அவள் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு ஈவாவால் முடியவில்லை.

"இல்லக்கா. அடிக்கடி எல்லைக் கோட்டத் தாண்டுவேன்னு அண்ணன் சொன்னதையே காட்டிட்டேன். பேர மறைச்சிட்டேன்னு நெனச்சேன். நானே காட்டிக்குடுத்துட்டேன்."

ஆக்னஸ் பேராசிரியரிடம் கை நீட்டி மனுவைத் திரும்ப வாங்கினாள். நான்காக மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்துப் பார்த்தாள்.

"அவிய முதல்ல உன்ட்ட பேச மாட்டேன்னுதான் சொன்னாவ" என்றாள். "படிக்கிற பிள்ள, வெயில்ல வந்து நிக்கி, நாலு வார்த்த சொல்லுங்கன்னு உன் முன்னால கொண்டாந்து உக்கார வச்சது நான்தான்."